காவலா, கல்லாப்பெட்டியா?



கைபேசியில் ஒரு செய்தி வருகிறது. இன்ன நாளில், இன்ன சாலையில், இன்ன எண்ணுடைய வாகனம் அனுமதித்த வேகத்தை மீறிச் சென்றது என்றும், அதற்குரிய அபராதத்தைச் செலுத்த வேண்டும் என்றும் அது அறிவிக்கிறது. அன்று வண்டியை எடுத்துச் சென்றது யார் என்ற விசாரணைதான் வீட்டில் முதலில் நடக்கும். அதன் பின் எழுவது கோபம். "சாலையிலுள்ள பள்ளத்தை மூட அரசிடம் பணமில்லை, பள்ளத்திற்குப் பக்கத்தில் காமிரா வைக்க மட்டும் பணம் இருக்கிறது. இது நம் உயிரைக் காப்பதற்கா, கல்லாப்பெட்டியை நிரப்புவதற்கா?" என்று குடும்பத் தலைவர் கேட்கிறார்.

நம் பங்கு இல்லங்கள் பலவற்றில் இன்று கேட்கப்படும் இக்கேள்வி எரிச்சலில் பிறந்ததாயினும், எள்ளி நகையாடத் தக்கதன்று. குடிமக்களிடமிருந்து பணம் பெறும் அரசு, அதனை எதற்காகப் பெறுகிறது என்று சொல்லக் கடமைப்பட்டது. அதே வேளையில், கேள்வி கேட்பவரும் தமக்கு உவப்பில்லாத விடையைக் கேட்கவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஆகவே இம்மாதம் இரு பக்கத்தையும் சற்றுப் பொறுமையுடன் ஆராய்வோம்.

வேகம் செய்வது என்ன?

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அதே நொடியில் 22 மீட்டர். சாலையில் குழந்தை ஒன்று ஓடி வருவதைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் வண்டியின் வேகம் சிறிதும் குறைவதில்லை. பிரேக் பிடித்த பிறகும், வேகம் இரு மடங்கானால் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு ஆகிறது. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராயினும் இந்தக் கணக்கிலிருந்து அவருக்கு விலக்கு இல்லை.

மோதப்படுபவரின் நிலை என்ன? 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால், நடந்து செல்லும் வயது வந்தவர் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. 80 கிலோமீட்டரில் அது அறுபதை நெருங்குகிறது. இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினாலே உயிரைப் பறிக்கும் விபத்துகள் நூற்றுக்கு நான்கு அளவில் கூடுகின்றன என்றும் அந்நிறுவனம் கூறுகிறது.

இக்கணக்கை நம் காலாப்பட்டுச் சாலையில் வைத்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரின் நடுவே செல்கிறது. 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள நிறுவனம், சட்டக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, மத்திய சிறை ஆகிய யாவும் இச்சாலையை அண்டியே அமைந்துள்ளன. கடலோரத்தில் மீனவர் குடியிருப்புகள். சென்னையிலிருந்து வார இறுதியில் புதுச்சேரிக்கு விரையும் காருக்கு இது நெடுஞ்சாலை. மீன்கூடையுடன் பேருந்து நிறுத்தத்திற்கு வரும் பெண்ணுக்கோ இது தெரு. ஒரே சாலை ஒருவருக்கு நெடுஞ்சாலையாகவும் மற்றவருக்குத் தெருவாகவும் இருக்குமிடத்தில், வேகத்தை அடக்க ஒரு காவல் வேண்டியிருக்கிறது.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டின் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல்! இவற்றுள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு மிகை வேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை குறிக்கிறது. இந்த விகிதத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பாரும் உளர். வெளிச்சமின்மை, தவறான வளைவு, சாலைப் பள்ளம் என்று பதிவதைவிட, 'அதிவேகம்' என்று எழுதுவது எளிதன்றோ? இருப்பினும் அதிற் பாதியைத் தள்ளினாலும் எஞ்சுவது பெரும் எண்ணிக்கையே.

காமிராக்களால் பயன் உண்டா? பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைத் திரட்டி 2010இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, காமிரா வைத்த இடங்களைச் சுற்றி மரணமும் பலத்த காயமும் விளைவிக்கும் விபத்துகள் நூற்றுக்கு 11 முதல் 44 வரை குறைந்தன என்று கண்டது. ஆகவே, "இதெல்லாம் வெறும் பணவேட்டை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது.

ஐயம் எழுவது ஏன்?

எனினும் மக்களின் ஐயம் ஆதாரமற்றதும் அன்று. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்திலுள்ள ஃபெர்குசன் என்னும் சிறு நகரைப் பற்றி அந்நாட்டு நீதித் துறை 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நகரின் காவல் துறை பொதுமக்களின் பாதுகாப்பைவிட நகராட்சியின் வருவாயையே நோக்கிச் செயற்பட்டது என்பது அதன் முடிவு. அந்த ஆண்டுக்கான நகரின் பொது வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அபராதங்களாலும் கட்டணங்களாலும் வரும் என்று முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருந்தது. மக்கள் தவறு செய்தால்தான் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறும் என்ற நிலை எத்துணைக் கொடியது! அதன் சுமை பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள் மீதே விழுந்தது.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு முதல் வேறொரு வழி கையாளப்பட்டது. காமிராக்களின் செலவை அபராதத் தொகையிலிருந்தே ஈடுசெய்து கொள்ளலாம் என அனுமதித்தனர். அதற்குச் சில நிபந்தனைகளும் இருந்தன. ஏற்கெனவே பலத்த விபத்துகள் நிகழ்ந்த இடங்களில் காமிராவை வைக்க வேண்டும். ஓட்டுநர் கண்ணில் படும்படி அதற்கு மஞ்சள் வண்ணம் பூச வேண்டும். அப்படியிருந்தும், அபராதம் பெருகினால் காமிராவும் பெருகும் என்ற ஐயம் தீரவில்லை. 2007இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

நம் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவினர் வாழும் பிரான்சு நாட்டிலும் இதே வழக்கு உண்டு. அங்கு முதல் தானியங்கி வேகக் காமிரா 2003 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. 2002இல் 7,000க்கு மேல் இருந்த சாலை மரணங்கள் 2010இல் 4,000க்குக் கீழ் இறங்கின. காமிரா மட்டுமே இதற்குக் காரணமன்று. ஆயினும் அதற்குப் பெரும் பங்குண்டு. அப்படிப்பட்ட நாட்டிலேயே, 2018 ஜூலையில் கிராமப்புறச் சாலைகளின் வேக வரம்பு 90இலிருந்து 80ஆகக் குறைக்கப்பட்ட பின், அவ்வாண்டு இறுதியில் எழுந்த மஞ்சள் சட்டைக் கிளர்ச்சியில் காமிராக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது சேதப்படுத்தப்பட்டன. அபராதப் பணத்தின் ஒரு பகுதி அரசின் கடனை அடைக்கச் செல்வதை அறிந்த மக்கள், "உயிரைக் காக்கவே" என்ற சொல்லை நம்ப மறுத்தனர். உயிர்களைக் காத்த கருவியேயாயினும், அதன் பணம் போகும் வழியால் மக்களின் நம்பிக்கையை இழக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டு நிலை

2019 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், மிகை வேகத்திற்கு முன்பிருந்த 400 ரூபாய் அபராதத்தை இலகு வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாயாகவும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாயாகவும் உயர்த்தியது. வார இறுதியில் உல்லாசமாக வரும் செல்வர்க்கு 1,000 ரூபாய் ஒரு வேளை உணவின் விலை. கொத்தனார் வேலைக்குச் செல்லும் நம் சகோதரருக்கோ அது ஒரு நாள் கூலிக்கும் மேலானது. பின்லாந்து போன்ற நாடுகளில் பெரிய வேகக் குற்றத்திற்கு, அவரவர் வருமானத்தைக் கணக்கிட்டே தண்டம் விதிக்கின்றனர். நம்மிடம் அந்த முறை இல்லை.

வேக வரம்பே பொருத்தமற்றதாயிருந்தால் என்ன நேரும் என்பதைச் சென்னை காட்டியது. 2023 ஜூன் மாதத்தில் அந்நகரில் பகலில் 40, இரவில் 50 கிலோமீட்டர் என்ற வரம்பை வைத்துக் கருவிகள் மூலம் அபராதம் விதிக்க முற்பட்டனர். அகன்ற சாலையில் எல்லா வாகனங்களுக்கும் ஒரே வரம்பா என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. அதன் பின் அவ்வாண்டு நவம்பர் முதல் கார்களுக்கு 60, இரு சக்கர வாகனங்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40 என்றும், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்றும் மாற்றியமைத்தனர். அபராதத்தைத் தொடங்கிய பின் வரம்பை ஆராய்வதைவிட, ஆராய்ந்த பின் அபராதத்தைத் தொடங்கியிருந்தால் மக்களின் மனத்தாங்கல் பெரிதும் தவிர்ந்திருக்கும்.

நம் மாகேயைச் சூழ்ந்துள்ள கேரளத்தில் அதே 2023 ஜூனில் 726 காமிராக்களைக் கொண்டு அபராதம் விதிக்கத் தொடங்கினர். அங்கும் "கொள்ளை" என்ற கூக்குரல் எழுந்தது. ஆனால் அந்த 726இல் வேகத்தை அளப்பவை எட்டு மட்டுமே. 675 காமிராக்கள் தலைக்கவசம், இருக்கைப் பட்டை, கைபேசி போன்றவற்றைக் கவனிப்பவை. கோபத்தில் பேசும்போது நாமும் விவரத்தை விட்டுவிடுகிறோம் என்பதற்கு இதனைக் குறிப்பிட்டேன்.

நான்கு கேள்விகள்

அவ்வாறாயின், ஒரு காமிரா காவலுக்கா, கல்லாவுக்கா என்று சாதாரணக் குடிமகன் எப்படி அறிவது? நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

முதலாவது, அது எங்கே நிற்கிறது? உயிர்கள் போன இடத்தில், பள்ளி வாயிலில், ஊர் நடுவில் நின்றால் அது காவல். ஆளரவமற்ற நேர்ச்சாலையில், இறக்கத்தின் அடியில், எளிதில் பிடிபடும் இடமாகப் பார்த்து நின்றால் ஐயப்பட இடமுண்டு.

இரண்டாவது, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா? 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167-ஏ விதி, காமிரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி வைக்கப்பட வேண்டும் என்கிறது. கருவி சரியாக அளக்கிறது என்பதற்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் சான்றிதழ் வேண்டும் என்றும், அறிவிப்பில் நிழற்படமும், அளந்த வேகமும், நாளும் நேரமும் இடமும் இருக்க வேண்டும் என்றும் அது வகுத்தது. மரத்தின் மறைவில் நின்று பிடிப்பவருக்கு வேண்டியது நம் குற்றம். பலகை வைத்து எச்சரிப்பவருக்கு வேண்டியது நம் வேகக் குறைவு. எதிரே வரும் வண்டிக்காரர் விளக்கை மினுக்கிப் போலீசார் நிற்பதைத் தெரிவிக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அச்செய்தியால் எல்லாரும் ஒரு கிலோமீட்டருக்கு மெதுவாகச் செல்கின்றனர். அதனை அரசே பலகை வைத்துச் செய்துவிட்டால் ஊருக்கு நன்மையன்றோ?

மூன்றாவது, சாலையின் குறையும் திருத்தப்படுகிறதா? ஓட்டுநரை மட்டும் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமன்று. பாதுகாப்புத் தரத்தை மீறிச் சாலை அமைத்ததனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198-ஏ பிரிவு வழி செய்கிறது. ஓட்டுநர்கள் மீது நாள்தோறும் பாயும் சட்டம், சாலை போட்டவர் மீது எத்தனை முறை பாய்ந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நான்காவது, பணம் எங்கே போகிறது? கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் விரிவான ஆணைகள் பிறப்பித்தது. போக்குவரத்து அபராதங்களின் ஒரு பகுதியைக் கொண்டு சாலைப் பாதுகாப்பு நிதி அமைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வேகத் தடை, தெரு விளக்கு, நடைபாதை, கடக்கும் வழி என்று அப்பணம் அதே சாலைக்குத் திரும்பி வந்தால், கொடுத்தவருக்கும் மனம் ஆறும்.

இந்நான்கிற்கும் மேலான உரைகல் ஒன்றுண்டு. நேர்மையான வேகக் காமிராவின் வருவாய் ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும். மக்கள் மெதுவாகச் செல்லப் பழகிவிட்டார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். ஒரே இடத்தில் ஒரே அளவு அபராதம் ஆண்டுதோறும் குவிந்துகொண்டிருந்தால், அக்காமிரா எவரையும் திருத்தவில்லை என்றே பொருள். அங்கே வேக வரம்பிலோ சாலை அமைப்பிலோ பிழை இருக்கிறது. அதனைக் கண்டும் காணாதிருக்கும் அரசு அப்பிழையினால் வாழ்கிறது. அபராத வரவு உயர்ந்ததைச் சாதனையாக அறிவிக்கும் அதிகாரியிடம், மரணம் எத்தனை குறைந்தது என்று நாம் மறுகேள்வி கேட்க வேண்டும்.

காலாப்பட்டில் செய்யத்தக்கது

நமக்கோ மற்றொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரி நகரிலிருந்து வடக்கே வருவோர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டிற்குள் நுழைந்து, முதலியார்ச்சாவடிகளையும் பொம்மையார்பாளையத்தையும் கடந்து, பிள்ளைச்சாவடி அருகே மீண்டும் புதுச்சேரிப் பகுதிக்குள் வருகின்றனர். கனகசெட்டிக்குளம் தாண்டியதும் மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைக் கோடுகள் இவை. ஒரே பயணத்தில் இரு அரசுகள், இரு காவல் துறைகள், இரு கருவூலங்கள். வருவாய்தான் நோக்கமெனில் ஒவ்வோர் அரசும் தன் எல்லைக்குள் வலை விரித்தால் போதும். காவல் நோக்கமெனில், எல்லைக் கோட்டைப் பாராமல் சாலை முழுவதற்கும் ஒரே வேக வரம்பை, ஒரே வகைப் பலகையை இரு அரசுகளும் கூடிப் பேசி அமைக்க வேண்டும்.

மது விற்பனையால் கணிசமான வருவாய் பெறும் அரசு நம்முடையது என்பதையும் மறைப்பதற்கில்லை. குப்பியில் ஒரு முறையும் அபராதத்தில் மறு முறையுமாக ஒரே மனிதனிடம் வசூலிக்கும் அரசு, தன் நோக்கத்தை மற்ற அரசுகளைவிடத் தெளிவாக மெய்ப்பித்துக் காட்டக் கடமைப்பட்டது.

இதற்கு நாம் செய்யக்கூடியது உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் விண்ணப்பம் எழுதலாம். நம் சாலையில் மூன்று ஆண்டுகளில் விபத்து நிகழ்ந்த இடங்கள் எவை? வேகம் அளக்கும் இடங்கள் எவை? வசூலான அபராதம் எவ்வளவு? அதிற் சாலைப் பாதுகாப்புக்குச் செலவானது எவ்வளவு? பங்குப் பேரவையோ இளைஞர் இயக்கமோ இந்நான்கையும் கேட்டு எழுதி, கிடைத்த விடையை ஊரார் முன் வைக்கலாம். முதற் கேள்விக்கும் இரண்டாவதற்கும் கிடைக்கும் பட்டியல்கள் ஒத்துப்போனால் காவல் துறைக்கு நன்றி சொல்வோம். ஒத்துப்போகாவிடில் அப்பட்டியலையே கையிலெடுத்து முறையிடுவோம். வெறும் வசைச் சொல்லைவிட அத்தாளுக்கு வலிமை அதிகம்.

தம் பங்குக்குப் பெற்றோரும் சற்றுச் சிந்திக்க வேண்டும். அபராதச் செய்தி வந்த அன்று, 1,000 ரூபாய் போயிற்றே என்று மகனைக் கடிந்துகொள்கிறோம். 40இல் செல்ல வேண்டிய தெருவில் ஏன் 70இல் சென்றாய் என்று கேட்க மறந்துவிடுகிறோம். பணம் இழந்ததே குற்றம் என்று பிள்ளை கற்றுக்கொண்டால், காமிரா இல்லாத தெருவில் அவன் அஞ்ச ஒன்றுமில்லை. வேக வெறியால் தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவது பெருங்குற்றம் என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வெளிப்படையாகவே கூறுகிறது. கொலை செய்யாதே என்ற கட்டளையின் விளக்கத்தில்தான் அது அவ்வாறு கூறுகிறது என்பது நம் ஓட்டுநர் பலருக்கு வியப்பாயிருக்கலாம்.

அரசின் கல்லாப்பெட்டி நம் பணத்தால் நிரம்ப வேண்டாம் என்று விரும்பினால், அதற்கு யாரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை. காலாப்பட்டைக் கடக்கும் ஒவ்வொருவரும் வரம்பிற்குள் சென்றால் அடுத்த மாதமே அங்கு அபராத வரவு நின்றுபோகும். மீன்கூடைப் பெண்ணும் கல்லூரி மாணவரும் அச்சமின்றிச் சாலையைக் கடப்பர். அதன் பின்னும் அங்கே காமிரா நிற்குமாயின், அது காவலுக்கே நிற்கிறது என்று நாம் நம்பலாம்.